இசக்கிசெல்வி அழித்த சாவி

சாவியைக் கையில் வாங்கியதும் இசக்கிசெல்வி அதைக் காதோரம் கொண்டுபோய் ஒரு குலுக்குக் குலுக்குவாள். உள்ளே ஏதாவது ஆடினால் சில்லு கழன்றிருக்கிறது. ஆடாவிட்டால் வேறு கோளாறு. பிறகு சுடிதார் துப்பட்டாவின் நுனியால் பொத்தான்களின் மேலிருக்கும் அழுக்கைத் துடைப்பாள். வந்தவர் தன் கஷ்டத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கேட்டுவிடுவாள்: “இன்னொண்ணு எங்க இருக்கு?”

புதிதாக வாங்கும்போது ஒவ்வொரு காரும் இரண்டு சாவியோடுதான் வருகிறது. ஒன்று கையில் புழங்கும். மற்றதைப் பற்றிக் கேட்டால் ஆட்கள் தலையைச் சொறிவார்கள். சிலர் வேறு பக்கம் பார்ப்பார்கள். கோபித்துக்கொண்டு போன மனைவியின் கைப்பையில் அது இருப்பதை ஒருவர் இசக்கிசெல்வியிடம் சொல்லி முடிக்க ஒரு டீ குடிக்கும் நேரம் ஆயிற்றாம். “ரெண்டாவது கீதான் சார் வீட்டுக்குள்ள உள்ள விஷயத்தைச் சொல்லும், கேட்டோ” என்பாள்.

கடை ஆரியசாலையில், மொத்த வியாபாரச் சந்து ஒன்றில். ஒரு பக்கம் வெல்ல மண்டி, மறு பக்கம் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை. இடையில் கிடைத்த இடைவெளியில் ஒரு மேசை, சாவி வெட்டும் இயந்திரம், சுவர் நிறைய வெற்று ரிமோட்டுகள். சில்லுகளை ஹோமியோபதி மாத்திரைக் குப்பிகளில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் மலையாளத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள். அவள் செய்துகொடுக்கும் சாவியில் சில நாளைக்கு வெல்ல வாசனை இருக்கும். என் சாவியில் இருந்தது.

அவள் அப்பா வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து தம்பானூர் ஓட்டல் ஒன்றுக்குப் பரோட்டா போட வந்தவர். அம்மா மாடம்மாள் கரமனையில் ரோட்டோரம் உட்கார்ந்து கீரை விற்றவள். இசக்கிசெல்வி பிறந்தது, படித்தது எல்லாம் இந்த மலையாள ஊரில்தான். அம்மாவிடம் திருநெல்வேலித் தமிழ், கடைக்கு வருகிறவர்களிடம் மலையாளம், என்னைப் போன்றவர்களிடம் இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவாள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துப் பழவங்காடியில் ஒரு செல்போன் கடையில் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது, யாரோ வாஷிங் மெஷினில் துணியோடு துவைத்த கார் ரிமோட்டைக் கொண்டுவந்தார்கள். அதற்கு உயிர் கொடுத்தாள். அன்றோடு தொழில் மாறியது.

இன்றைய கார்ச் சாவியில் இரும்புக்கு வேலை பாதிதான். அதன் தலைக்குள் சீரகம் அளவுக்கு ஒரு சில்லு இருக்கிறது. வண்டிக்குள் இருக்கும் கணினி அந்தச் சில்லை அடையாளம் கண்டால்தான் எஞ்சின் எழும். இசக்கிசெல்வி ஸ்டியரிங்குக்கு அடியில் தன் கருவியின் வயரைச் சொருகி, புதுச் சாவியை வண்டிக்குப் பழக்கப்படுத்துவாள். அந்தக் கணினியை ‘அவன்’ என்றுதான் சொல்வாள். திரையில் எதுவும் நகராமல் நின்றால், “அவன் யோசிக்கான்.” பிழைச் செய்தி வந்தால், “இப்ப அவனுக்குச் சம்மதம் இல்ல. கொஞ்சம் கழிச்சுக் கேப்பம்.” ஓட்டுநர் இருக்கையில் அவள் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஓரமாகச் சாய்ந்திருப்பாள், வலது கால் வெளியே ரோட்டில் ஊன்றியிருக்கும். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. எஞ்சின் பிடித்ததும் எழுந்துவிடுவாள். “எழுப்பி விடுதது மட்டுந்தான் என் ஜோலி. கூட்டிட்டுப் போறது உங்க பாடு.”

ஒரு விஷயத்தில் மட்டும் கறார். வண்டி யார் பேரில் இருக்கிறதோ அந்த ஆள் நேரில் வர வேண்டும். ஆர்.சி.யும் ஆதாரும் காட்ட வேண்டும். பெரிய இடத்து டிரைவர் ஒருவர் சந்தே அதிரும்படி கத்தியபோது அவள் வெல்ல மண்டிக்காரர்களோடு நின்று பாலில்லாத கட்டன்சாயா குடித்தாள். “ஓனர் வரட்டும்.” அவ்வளவுதான். இந்த வழக்கத்தை அவள் ஒருமுறை விட்டுக்கொடுத்தாள்.

அந்தக் கதையில் பாதியை நான் என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன். மீதியை அவள் சொல்லக் கேட்டேன்.

நான் குடியிருப்பது வலியசாலையில், கோவிலுக்குப் போகிற தெருவில் ஒரு மாடியில். எதிர்வீடு சேஷன் சாருடையது. கல்லூரியில் ரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்றவர். மனைவி விஜயம். ஒரே மகன் சுமந்த் கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை, அங்கேயே ஃபிளாட். வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் நிற்கும். பிரசவ வலியோ நெஞ்சு வலியோ, தெருவில் யாருக்கு அவசரம் என்றாலும் சேஷன் சட்டையை மாட்டிக்கொண்டே வந்து அந்த வண்டியை எடுப்பார். நானும் ஒருமுறை காய்ச்சலோடு அதன் பின்சீட்டில் படுத்துப் போயிருக்கிறேன்.

அவருக்கு மறதி வந்தது. முதலில் பெயர்கள், பிறகு வழிகள். மகனைப் பார்க்கக் கழக்கூட்டம் கிளம்பியவர் அந்த ஊரையும் கடந்து, ஆற்றிங்கல் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பங்குக்காரர்கள் போன் செய்தார்கள். அடுத்தது கரமனையில், விஜயமும் வண்டியில் இருந்தாள். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார். வண்டி நடைபாதையில் ஏறி ஒரு பூக்காரியின் கூடையை நசுக்கியது. யாருக்கோ பூவை நீட்ட எழுந்திருந்ததால் அவள் பிழைத்தாள். சேஷன் இறங்கி அவளைப் பார்த்து, “ரோட்டுல வந்து உக்காரலாமோ?” என்று கோபப்பட்டாராம்.

விஜயம் சாவியைக் கேட்டாள். கெஞ்சினாள், அழுதாள். அவர் சாவியை வேஷ்டி இடுப்பில் செருகிக்கொண்டு தூங்கினார். சுமந்த் வந்து பேசியபோது, “என்னைக் கட்டிப் போடப் பாக்கறேளா?” என்று கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. அடுத்த நாள் காலை விஜயம் மாடிப்படி ஏறி வந்து, எனக்குச் சாவி செய்துகொடுத்த பெண்ணின் கடை எங்கே என்று கேட்டாள். சொன்னேன்.

கடையில் நடந்ததை இசக்கிசெல்வி இப்படிச் சொன்னாள். ஒரு மாமி புடவைத் தலைப்பில் முடிந்துவைத்திருந்த சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

“நீதான் சாவி பண்றவளோ?”

“ஆமா மாமி. இன்னொண்ணு எங்க? தொலஞ்சிட்டா?”

“தொலையலை. தொலையணும். ஆனா அவர் கையிலயே இருக்கணும்.”

இசக்கிசெல்விக்கு முதலில் புரியவில்லை. விஜயம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சாவியைப் பிடுங்கினால் மனிதர் உடைந்துபோவார். சாவி அவரிடமே இருக்கட்டும், வண்டி மட்டும் கிளம்பக் கூடாது. ரிப்பேர் என்று நினைத்துக்கொள்வார். நாளடைவில் மறந்தும் போவார். அப்படிச் செய்ய முடியும் என்று சுமந்த் எங்கேயோ படித்திருக்கிறான்.

“முடியும் மாமி. ஆர்.சி. யாரு பேர்ல?”

“அவர் பேர்லதான்.”

“அப்ப சார் கிட்ட ஒரு வார்த்தை...”

“அவர்கிட்ட கேக்க முடிஞ்சா உன்கிட்ட ஏன் வரேன்?”

இசக்கிசெல்வி மாட்டேன் என்றுதான் சொன்னாள். விஜயம் எழுந்துகொண்டாள். போகும்போது தனக்குத்தானே சொல்வதுபோல, “அந்தப் பூக்காரி கையில விரல் விரலா மல்லிப்பூ ஒட்டிண்டிருந்தது. அதையே பாத்துண்டிருந்தேன்” என்றாள்.

“அதச் சொல்லாம போயிருந்தா நான் போயிருக்க மாட்டேன் சார்” என்றாள் இசக்கிசெல்வி. “எங்க அம்மையும் அந்த ரோட்டுல இருந்து கீரை வித்தவதான்.”

மாலையில் சேஷன் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவள் வந்தாள். அவருடைய சாவி அவரோடு கோவிலுக்குப் போயிருந்தது. அது தேவையும் இல்லை. வண்டியின் நினைவிலிருந்து எல்லாச் சாவிகளையும் அழித்துவிட்டு, விஜயம் வைத்திருந்த சாவியை மட்டும் மறுபடி சேர்த்தாள். அந்த வண்டியில் கதவைத் திறக்கும் ரிமோட் தனி, எஞ்சினை எழுப்பும் சில்லு தனி. ஆகவே சேஷன் பொத்தானை அழுத்தினால் விளக்கு கண்சிமிட்டும், கதவு திறக்கும், சாவி திரும்பும், எஞ்சின் இழுக்கவும் செய்யும். பிடிக்காது. “சாதாரணமா அவன் நெறைய யோசிப்பான். அன்னைக்கு உடனே ஷரின்னுட்டான்” என்றாள்.

மறுநாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. கர்ர்ர்ர் என்று ஒரு நீண்ட இழுப்பு, நிறுத்தம், மறுபடி இழுப்பு. சேஷன் வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணாடி துடைத்து, வண்டிக்குள் நேராக உட்கார்ந்திருந்தார். மீட்டர் பலகையில் சாவி வடிவத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தார். பக்கத்து வீட்டு சாம்பசிவனைக் கூப்பிட்டு, “பெட்ரோல் வரலையோ?” என்றார். விவரம் தெரிந்திருந்த சாம்பசிவன், “இருக்கும் மாமா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் மறந்துபோவார் என்று நினைத்தது நடக்கவில்லை. மகனின் ஃபிளாட் எந்த மாடி என்பதை மறந்தார், சாப்பிட்டதை மறந்தார். வண்டி கிளம்பவில்லை என்பதை மட்டும் தினமும் ஞாபகம் வைத்திருந்தார். மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்வார். விஜயம், “சொல்லியிருக்கேன், வருவான்” என்பாள். பேட்டரி இறங்கிவிடும். சுமந்த் ஞாயிற்றுக்கிழமை வந்து கதவாவது திறக்கட்டும் என்று அப்பாவுக்குத் தெரியாமல் சார்ஜ் போட்டுவிட்டுப் போவான். காலையில் மறுபடி அந்த இழுப்பு. தெருவில் யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. கேட்காததுபோல இருந்தோம்.

கோளாறு சாவியில் இருக்கலாம் என்று அவருக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. ஒரு நாள் ஆட்டோ பிடித்து ஆரியசாலை வந்துவிட்டார். இறங்கி, பலகையைப் படித்து, நேராக இசக்கிசெல்வியின் முன்னால் வந்து நின்றார். அவளுக்கு ஆள் தெரியாது. சாவியைப் பார்த்ததும் தெரிந்தது. விஜயத்தின் சாவியில் இருந்த அதே பித்தளைப் பிள்ளையார் இதிலும் தொங்கியது.

“குழந்தே, இதை ஒண்ணு பாத்துடு. கதவைத் திறக்கறது, வண்டியை எடுக்க மாட்டேங்கறது.”

அவள் காதருகே வைத்துக் குலுக்கினாள். ஆடவில்லை. ஆடாது என்று அவளுக்குத் தெரியும். பேட்டரியை மாற்றிக் கொடுத்து, “கீ நல்லாத்தான் இருக்கு சார். வண்டிலதான் ஏதோ” என்றாள். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். முதல் தடவை அவ்வளவோடு முடிந்தது.

பிறகு அவர் வந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் முதல் முறை வருகிறவர்போல பலகையைப் படித்துவிட்டு உள்ளே வருவார். ஒவ்வொரு முறையும் அவள் சாவியை வாங்கிக் குலுக்கிப் பார்ப்பாள். தொடக்கத்தில் வந்தவர் கோபமாக வந்தார்: கார்க் கம்பெனியை வைதார், மெக்கானிக்கை வைதார். மழைக்காலம் முடியும்போது வந்தவர் வேறு ஆள். குரல் தணிந்திருந்தது. முகவாயில் சவரம் விட்டுப்போன திட்டுகள்.

“எனக்கு என்னமோ தோணறது குழந்தே. சாவியிலயும் இல்லை, வண்டியிலயும் இல்லை. நான் திருப்பறதுலதான் பிசகு. வலதுக்குத் திருப்பறேன்னு நினைச்சுண்டு இடதுக்குத் திருப்பறேனோ?”

“அதெல்லாம் இல்ல சார்.”

“எப்படிச் சொல்றே? நீ பாத்தியோ?”

மேசையின் ஓரத்தில் பழைய கார்ப் பூட்டு ஒன்றைத் திருகு பிடியில் மாட்டிவைத்திருப்பாள், வெட்டிய சாவியைச் சோதிக்க. சேஷன் அதைக் கண்டுபிடித்துவிட்டார். “இதுல திருப்பிக் காட்டறேன். சரியான்னு சொல்லு.” அதற்குரிய சாவியை அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பையனைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு, வலது பக்கம் திருப்பினார்.

“சரியாத்தான் சார் திருப்புதீங்க.”

“அப்பறம் ஏன்?”

இந்த இடத்துக்கு வந்ததும் இசக்கிசெல்வி கருவியின் வயரை எடுத்துக் கையில் சுற்றுவாள், அவிழ்ப்பாள். நான் கேட்டேன், என்ன சொன்னாய் என்று. “வண்டி பழசாயிட்டு சாருன்னேன். வேற என்னத்தச் சொல்ல? அவர் போகும்போது சொல்லுதாரு, ‘நீ தேத்தறே’ன்னு. சிரிச்சிக்கிட்டுச் சொல்லுதாரு.”

அன்றே கடையை அடைத்துவிட்டு அவள் வலியசாலைக்கு வந்தாள். சேஷன் தூங்கிக்கொண்டிருந்தார். கிணற்றடியில் நின்று இருவரும் பேசினார்கள்.

“மாமி, சொல்லிருவோம். அவரு தன்னயே சந்தேகப்படுதாரு.”

விஜயத்துக்குத் தெரியாததல்ல. அடுப்பை அணைத்துவிட்டு, “அணைச்சேனா பாரு” என்று அவர் அவளைக் கூப்பிடுவதும், கை தவறும் என்று சவரக் கத்தியைத் தொடாமல் விட்டதும், கோவிலுக்குக்கூட அவள் வந்தால்தான் போவேன் என்பதும் அந்தச் சில மாதங்களில் வந்தவை. மறதி கொண்டுபோனது பாதி, வாசலில் அந்தக் காலை நேரங்கள் கொண்டுபோனது பாதி. எது எவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும்.

“இனிமே எப்படிச் சொல்றது? இத்தனை நாளும் பொய் சொன்னேன்னு ஆயிடுமே.”

“கோவப்படுவாரு. அவ்வளவுதானே மாமி.”

“கோவப்பட்டா பரவாயில்லை. பேசாம இருந்துடுவார். பேசிண்டிருக்கப்போறது இன்னும் எத்தனை நாளோ. அதையும் நான் கெடுத்துக்கணுமா?”

இசக்கிசெல்வி கிளம்பி வந்துவிட்டாள். “செஞ்சது தப்புன்னு சொல்ல மாட்டேன் சார். அன்னைக்கு அந்த வண்டிய நிறுத்தலன்னா எவளாவது செத்திருப்பா. ஆனா அந்த மனுசன் என் முன்னால நின்னு கேட்டாருல்லா. அப்பவாவது சொல்லிருக்கலாம். நானும் மாமி சொல்லட்டும்னு இருந்தேன், மாமி நான் பாத்துக்கிடுவேன்னு இருந்தாங்க” என்றாள்.

வண்டியை விற்றுவிடலாம் என்று கடைசியில் சொன்னவர் சேஷன்தான். ஒரு காலையில் இழுப்புச் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். வண்டியின் அருகில் நின்று மேற்கூரையில் விழுந்திருந்த வேப்பிலைகளைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார். விஜயத்திடம், “எனக்கு இதை எடுக்கத் தெரியலை. தெரிஞ்சவா யாராவது வெச்சுக்கட்டும்” என்றார். சுமந்த் இரண்டு வாரத்தில் ஆள் பிடித்துவிட்டான். அவன் அலுவலகத்தில் பிஜி என்று ஒரு பெண். அவளுக்கு முதல் கார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: இரண்டு சாவியும் வேலை செய்ய வேண்டும்.

சுமந்த் இசக்கிசெல்விக்குப் போன் செய்தான். புதன்கிழமை மாலை அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போகிறோம், அவர் சாவியை எப்படியாவது வீட்டிலேயே விட்டுவரச் செய்கிறேன், அந்த நேரத்தில் வந்து பழையபடி சேர்த்துக் கொடுத்துவிடுங்கள் என்றான்.

“வர மாட்டேன். சார் இருக்கும்போதுதான் வருவேன்.”

“எதுக்குச் சேச்சி? வீணா அவரை ஏன்...”

“ஓனர் வேணும்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தாள். நான் கீழே இறங்கி வாசலில் நின்றேன். அன்று சேஷனுக்குத் தெளிவான நாள். அப்படிச் சில நாள்கள் அவருக்கு வாய்க்கும். மடிப்புக் கலையாத வேஷ்டியோடு வண்டிக்கு அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுமந்த் போனில் எதையோ தேடுவதுபோல நின்றான். விஜயம் கதவுக்குப் பின்னால் இருந்தாள்.

இசக்கிசெல்வி பையைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“சார், என்னயத் தெரியுதா?”

“சாவிக் கடைக் குழந்தை.”

“ஆமா. சார், உங்க கீக்கு ஒரு கேடும் இல்ல. வண்டிக்கும் இல்ல. உங்க கைக்கும் இல்ல. நான்தான் அதை அழிச்சு வெச்சேன். நீங்க கோவிலுக்குப் போயிருந்தப்ப வந்து செஞ்சேன். நீங்க கடைக்கு வந்து கேட்டப்பவும் நான் சொல்லல.”

சேஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவின் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. சுமந்த், “அப்பா, அது உங்க நல்லதுக்கு...” என்று தொடங்கினான். அவர் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார்.

“அப்போ நான் சரியாத்தான் திருப்பினேன்.”

“சரியாத்தான் சார் திருப்பினீங்க. எல்லாத் தடவையும்.”

அவர் தலையை மெல்ல ஆட்டினார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். அவள் வாங்கி, இரண்டு சாவியையும் வைத்துக்கொண்டு வண்டியின் ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்து வேலையை முடித்தாள். முடிந்ததும் எழுந்து, ஓட்டுநர் கதவை அவருக்காகத் திறந்து பிடித்தாள். சுமந்த், “வேண்டாம்” என்றான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சேஷன் உள்ளே உட்கார்ந்தார். கண்ணாடியைச் சரி செய்தார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. தெருவில் எல்லோரும் அவரவர் வாசலுக்கு வந்துவிட்டோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. விஜயம் ஓடிவந்து பானெட்டின் முன்னால் நின்றாள். அவர் எங்கேயும் போகவில்லை. ஸ்டியரிங்கின் மேல் இரு கைகளையும் வைத்து அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவரே அணைத்தார்.

“நேரே கேட்டிருந்தா குடுத்திருப்பேனே” என்றார்.

“கேட்டேனே. எத்தனை தரம் கேட்டேன்!” என்றாள் விஜயம். “கால்ல விழாத குறையாக் கேட்டேனே.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “கேட்டியோ?” என்றார். ஞாபகத்தில் எதையோ துழாவுவதுபோல நெற்றியைச் சுருக்கினார். கிடைக்கவில்லை. “கேட்டிருப்பே. எனக்குத்தான்...” என்று சொல்லி, முடிக்காமல் விட்டார். அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் பிஜி வந்தாள். மலையாளத்தில், “அங்கிள், ரண்டு கீயும் உண்டல்லோ?” என்று சிரித்தாள். சேஷன் தன் சாவியைத் தானே அவள் கையில் வைத்தார். பிள்ளையாரைக் கழற்றிக்கொள்ளட்டுமா என்று சுமந்த் கேட்டதற்கு, இருக்கட்டும் என்றார். இரண்டாம் கியர் சற்று முரண்டு பிடிக்கும், அவசரப்படுத்தாதே என்று அவளுக்குச் சொன்னார். கையெழுத்தெல்லாம் முன்பே ஆகியிருந்தது.

எங்கள் தெருவில் வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. முனை வரைக்கும் பின்னாலேயே போக வேண்டும். புது ஓட்டுநரான அந்தப் பெண் பயந்தாள். சேஷன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவின் நடுவில், வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். வகுப்பறையில் கேட்டிருக்கும் உரத்த குரலில், வரட்டும், போதும் என்பதை அவளுக்குப் புரியும் மலையாளத்தில், “போரட்டே... போரட்டே... கொஞ்சம் லெஃப்டு... மதி, மதி... போரட்டே” என்று சொல்லிக்கொண்டு, கையை அசைத்து அசைத்து, பின்புறமாகவே நடந்தார். வண்டி அவர் சொன்னபடி வந்தது.

பின்னால் கல்லும் சாக்கடை மூடிகளும் இருந்தன. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. இசக்கிசெல்வி பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் அவர் முதுகுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டாள். அவர் பின்னால் வர வர அவளும் பின்னால் போனாள். அவள் கை அவர் முதுகைத் தொடாமல், ஆனால் விழுந்தால் தாங்கும்படி, அவருக்குத் தெரியாமல் விரிந்திருந்தது.

முனையில் வண்டி வளைந்தது. பிஜி ஹாரனை ஒருமுறை மெதுவாக அடித்துவிட்டுப் போனாள். சேஷனின் குரல் நின்றது. உயர்த்திய கை மட்டும் சற்று நேரம் அப்படியே இருந்தது. அதை இறக்கிவிட்டு இடமும் வலமும் பார்த்தார். வீடு எந்தப் பக்கம் என்பது அந்த நிமிடத்தில் அவருக்குப் பிடிபடவில்லை என்று தோன்றியது.

இசக்கிசெல்வி அவர் முதுகுக்குப் பின்னால் விரித்திருந்த கையை எடுத்துக்கொண்டாள். சுற்றிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்று, அவர் கண்ணுக்கு நேரே தெரியும்படி அதை நீட்டினாள்.